மச்சச் சட்டியும் மரக்கறிச் சட்டியும்

நல்லூரிலே கொடியேறுவதற்கு முதல்நாள் யாழ்ப்பாணத்து வீடுகளின் அடுப்படியைப் பார்த்தவர்களுக்கு, நான் சொல்லப்புகும் விடயம் எளிதில் விளங்கும். வீடு முழுவதும் கழுவப்படும். சட்டி, பானை, அகப்பை யாவும் புளியும் சாம்பலும் இட்டு விளக்கப்படும். மீன் காய்ச்சும் மண்சட்டி மாத்திரம் தனியே எடுக்கப்பட்டு, கோடிப்புறத்து மூலையொன்றிலே கவிழ்த்து வைக்கப்படும். அதற்கு மச்சச் சட்டி என்று பெயர். கொடியேற்றம் முதல் ஆவணி அமாவாசைத் தீர்த்தம் வரை 25 நாள்களுக்கு அச்சட்டிக்கு ஓய்வு. திருவிழா முடிந்த மறுநாளோ, மீன்சந்தையிலே கால் வைக்க இடமிராது. ஒரு மாதத்துப் பசியை ஒரே நாளிலே தீர்த்துக்கொள்வார் போல நம்மவர் அங்கே கூடிநிற்பர்.

சென்ற ஆண்டு திருவிழாக் காலத்திலே, புவியியற் பாடவேளையில், புவி வெப்பமடைதலைப் பற்றி உயர்தர வகுப்பு மாணவர்க்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாடுகள் வெளிவிடும் மெதேன் வாயுவைப் பற்றிக் கூறியபோது மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அப்படியென்றால் இந்த 25 நாளும் யாழ்ப்பாணம் முழுவதும் மரக்கறி சாப்பிடுவதால் பூமிக்கும் ஏதேனும் நன்மை உண்டோ?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்றேன். அதற்குள்ளே பின்வரிசையிலிருந்து மற்றொருவன், “எல்லாரும் மரக்கறி சாப்பிட்டால் எங்கள் ஊர் என்ன செய்கிறது, சேர்? இந்த 25 நாளும் எங்கள் வீட்டில் காசு இல்லை” என்றான். அவன் கரையோரக் கிராமத்துப் பையன். தந்தை கடற்றொழில் செய்பவர். இரு வினாக்களுக்கும் அடுத்த வாரம் விடை தருவதாகச் சொல்லி அன்று தப்பித்துக்கொண்டேன். அந்த ஒரு வாரம் பல மாதங்களாக நீண்டுவிட்டது. தேடிக் கண்டவற்றுட் சிலவற்றை இங்கே எழுதுகின்றேன். அவற்றுள் எனக்கே பெருமை தராத செய்தி ஒன்றும் உண்டு.

சமயமொன்றின் பெயரே உணவொன்றின் பெயராகவும் வழங்குதல் நம்மிடையே காணப்படும் ஒரு புதுமை. ‘அவர் சைவம்’ என்றால், அவர் திருநீறு பூசுபவர் என்று பொருளன்று. மச்சம் மாமிசம் தொடாதவர் என்பதே பொருள். கொழும்பிலே ‘சைவக்கடை’ எதுவென்று கேட்கும் சிங்கள அன்பர்க்கும் அப்பொருளே மனத்தில் இருக்கும். திருவள்ளுவர் புலான்மறுத்தலைத் தமது நூலின் 26ஆம் அதிகாரமாக அமைத்தார். அதனைத் துறவறவியலிலே வைத்தமையால் இல்லறத்தார்க்கு அது விதியன்று என்று வாதிடுவோரும் உளர். அவ்வாதம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை நண்பகலிலேயே எழுவதை நான் கண்டிருக்கின்றேன். அது கிடக்க, அவ்வதிகாரத்திலே அருளைப் பற்றிய பேச்சோடு சந்தையைப் பற்றிய நியாயமும் ஒன்று உண்டு. தின்பதற்காக வாங்குவார் உலகில் இல்லையாயின், விலைக்கு ஊனைத் தருவாரும் இரார் என்பது அதன் கருத்து. கேள்வியே வழங்கலைப் பிறப்பிக்கின்றது என்று இன்று பொருளியல் ஆசிரியர் கரும்பலகையிலே வரைந்து காட்டுவதும் இதுவே. ஆறுமுக நாவலரும் தமது நான்காம் பாலபாடத்திலே புலாலுண்ணலைத் தனிப்பாடமாக எழுதிச் சிறுவர் கையிற் கொடுத்தார். ஆகவே, ‘ஏன் உண்ணலாகாது’ என்பதற்கு நமக்கு விடை பல உள. என் மாணவன் கேட்டதோ வேறு. உண்ணாதிருப்பதால் மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் என்ன நேர்கின்றது?

இவ்வினாவுக்கு விடை தேடியோருள் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யோசெப் பூரும், சுவிற்சர்லாந்தைச் சார்ந்த தோமஸ் நெமெசெக்கும் குறிப்பிடத்தக்கவர். 119 நாடுகளிலுள்ள ஏறக்குறைய 38,700 பண்ணைகளின் கணக்குகளை ஒன்றுசேர்த்து 2018ஆம் ஆண்டிலே ‘சயன்ஸ்’ என்னும் சஞ்சிகையில் அவர்கள் வெளியிட்டனர். மனிதர் வளியிலே சேர்க்கும் பச்சைவீட்டு வாயுக்களில் 26 வீதம் உணவினால் விளைவது. விளைநிலத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் ஏறக்குறைய 83 வீதத்தை விலங்குணவு பிடித்துக்கொள்கின்றது. ஆயினும் உலகத்தார் பெறும் கலோரியில் 18 வீதத்தையும் புரதத்தில் 37 வீதத்தையுமே அது தருகின்றது. 100 கிராம் புரதம் பெறுவதற்கு மாட்டிறைச்சியாயின் சராசரி 50 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயு எழுகின்றது. கோழியிறைச்சிக்கு அது 6 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. பருப்பு வகைகளுக்கோ ஒரு கிலோகிராமும் இல்லை.

இத்துணை வேறுபாடு ஏன் என்று கேட்கலாம். மாட்டின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. நம்மாற் செரிக்கவியலாத புல்லையும் வைக்கோலையும் அதன் முதலறையிலுள்ள நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து உடைக்கின்றன. அப்புளிப்பிலே பிறக்கும் மெதேன் ஏப்பமாக வெளிவருகின்றது. மெதேன் வளியிலே ஏறக்குறைய 12 ஆண்டுகளே தங்குவது. ஆயினும் நூறாண்டுக் கணக்கிலே பார்த்தாலும் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் காபனீரொட்சைட்டைவிட 27, 28 மடங்கு வலியது. இதனோடு, தீனி விளைப்பதற்காகவும் மேய்ப்பதற்காகவும் வெட்டப்படும் காடுகளின் கணக்கையும் சேர்த்தல் வேண்டும். சோளத்தையும் சோயாவையும் நாமே உண்ணாது விலங்குக்கு ஊட்டி, அது நடப்பதற்கும் மூச்சுவிடுவதற்கும் செலவிட்டதுபோக எஞ்சியதை நாம் உண்கின்றோம். இடையிலே தரகர் ஒருவரை வைத்து வாணிகம் செய்வது போன்றது இது.

தண்ணீர்க் கணக்கும் அவ்வாறே. நெதர்லாந்து அறிஞர் ஹூக்ஸ்ராவும் அவருடைய துணைவரும் செய்த கணிப்பின்படி, மாட்டிறைச்சியிலிருந்து ஒரு கிராம் புரதம் பெற 112 லீற்றர் நீரும், கோழியிலிருந்து பெற 34 லீற்றரும், பருப்பு வகையிலிருந்து பெற 19 லீற்றரும் செலவாகின்றன. ஆறில்லாத ஊரிலே பிறந்த நமக்கு இக்கணக்கு உறைக்க வேண்டும்.

நிற்க. யாழ்ப்பாணத்தவர் மாட்டிறைச்சியை மிகுதியாக உண்பவரல்லர். நமது மச்சச் சட்டியிலே கொதிப்பது பெரும்பாலும் மீன். மாட்டைப் பற்றிய கணக்கைக் காட்டி மீனவனைக் குற்றவாளியாக்குதல் நியாயமாகாது. சிறு வள்ளத்திலே சென்று சூடையும் நெத்தலியும் கொண்டுவருபவனால் புவிக்கு நேரும் கேடு, காட்டை அழித்து மாடு வளர்ப்பதோடு ஒப்பிடத்தக்கதன்று. கடலைக் கெடுப்பது இழுவைமடி. கடலடியை உழுதுகொண்டு போகும் அவ்வலை மீனை மாத்திரமன்றி, மீன் முட்டையிடும் இடத்தையும், குஞ்சு ஒதுங்கும் கடற்புல்லையும் வாரிக்கொண்டு வந்துவிடுகின்றது. 2017ஆம் ஆண்டிலே நமது பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தினால் தடைசெய்தது. ஆயினும், பாக்கு நீரிணையிலே எல்லை கடந்து வரும் இழுவைப் படகுகளின் தொல்லை ஓய்ந்தபாடில்லை. ‘எங்கள் ஊர் என்ன செய்கிறது’ என்று கேட்ட பையனுக்கு நான் பின்னர் இதனைச் சொன்னேன். அவன், “அது எங்களுக்குத் தெரியும், சேர். நான் கேட்டது வேறு” என்றான். அவன் சொன்னது சரி. அறத்தைப் பேசுகிறவன் அதன் செலவை மற்றொருவன் தலையிலே வைத்துவிடுதல் எளிது. அவனுக்கு நிறைவான விடை என்னிடம் இன்றும் இல்லை. உலகம் முழுவதும் மாட்டிறைச்சியைக் கைவிட்டாலும் அவன் தந்தையின் வள்ளம் கடலுக்குப் போவதில் எனக்கு வருத்தமில்லை என்று மட்டும் சொல்லிவைத்தேன். பிறவி சைவன் வாயிலிருந்து இச்சொல் வந்ததை வகுப்பு வியப்போடு கேட்டது.

இனிச் சைவர் வீட்டுக்குள்ளே வருவோம். மச்சச் சட்டி இல்லாத வீட்டிலும் விலங்குணவு உண்டு. அது பால். பாலும் தயிரும் நெய்யும் அவ்வளவு புனிதமாகிவிட்டமையால் அவை மாட்டிடமிருந்து வருபவை என்பதையே நாம் மறந்துவிடுகின்றோம். பின்வளவிலே கட்டி, வைக்கோலும் பிண்ணாக்கும் போட்டு வளர்த்த ஒரு பசுவின் பால் வேறு. இன்று நமது தேநீரிலே கலப்பது வேறு. பெரும்பாலும் நியூசிலாந்திலே கறந்து, அங்கேயே உலர்த்தி, பைகளிலே அடைத்துக் கப்பலேற்றப்பட்ட மா அது. 2021ஆம், 2022ஆம் ஆண்டுகளிலே அந்நியச் செலாவணி இல்லாமற்போனபோது அம்மாவுக்காக நாம் வரிசையிலே நின்றதை மறந்திருக்கமாட்டோம். ஒரு லீற்றர் பசுப்பாலுக்குச் சராசரி 3 கிலோகிராமுக்கு மேற்பட்ட பச்சைவீட்டு வாயு எழுகின்றது; சோயாப் பாலுக்கு அதில் மூன்றிலொரு பங்கே. காந்தியடிகளுக்கும் இப்பாற்சிக்கல் இருந்தது. 1912ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவில் அவர் பாலை விட்டார். 1918ஆம் ஆண்டிலே நோயுற்று மெலிந்து கிடந்தபோது, பசுவின் பாலையும் எருமைப் பாலையும் நினைத்துத்தானே விரதம் கொண்டீர்கள், ஆட்டுப்பால் அருந்தலாமே என்று கஸ்தூரிபாய் அம்மையார் வழிகாட்டினார். அடிகள் அருந்தினார். விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளை இழந்தேன் என்ற உறுத்தல் அவருக்குப் பின்னரும் இருந்ததாகச் சுயசரிதை காட்டுகின்றது. பாலை அறவே விடுவோர் மேலை நாடுகளிலே பெருகிவருகின்றனர். இங்கிலாந்திலே அவர்களுடைய சங்கம் 1944ஆம் ஆண்டிலேயே தோன்றியது. நான் அந்த நிலைக்கு வந்தவனல்லன். தயிரை விடவில்லை. பால்மாத் தேநீரை விட்டேன்; அதுவும் புவிக்காக விட்டேன் என்று சொன்னால் பொய்யாகும்.

முன்னே நான் குறிப்பிட்ட பெருமை தராத செய்தி இதுதான். எங்கள் வீட்டிலே மூன்று தலைமுறையாக மச்சச் சட்டி இல்லை. அதிலே எனக்கு இருந்த செருக்குக்கு அளவில்லை. உடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்குச் சலரோகம் என்று கேள்விப்பட்டபோது, ‘ஆட்டிறைச்சியைக் குறைத்திருக்கலாமே’ என்று உபதேசமும் செய்தேன். 43ஆம் வயதிலே ஏதோ காய்ச்சலுக்காக இரத்தம் சோதித்தபோது, வெறுவயிற்றிலே என் இரத்தச் சீனி 148 என்று வந்தது. 126க்கு மேற்பட்டால் நீரிழிவு என்று கொள்வர். நான் மருத்துவரிடம், “டொக்டர், நான் பிறந்தது முதல் சைவம். முட்டைகூடத் தொட்டதில்லை” என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, “மாஸ்ரர், நீங்கள் எதைச் சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டீர்கள். எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று இன்னும் சொல்லவில்லையே” என்றார்.

சொன்னேன். காலையிலே பாண் அல்லது வெள்ளை மா இடியப்பம், சொதி. பத்து மணிக்குச் சீனி இரண்டு கரண்டி போட்ட பால்மாத் தேநீர், உழுந்து வடை இரண்டு. மதியம் குவித்த வெள்ளைச்சோறு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், மிளகாய்ப் பொரியல். மாலையிலே மீண்டும் தேநீர், முறுக்கு. இரவிலே புட்டு, வாழைப்பழம். நான் சொல்லச் சொல்ல அவர் காகிதத்திலே எழுதிக்கொண்டு வந்தார். எழுதி முடித்ததும் மூன்று இடங்களிலே கோடிட்டார். கீரை எங்கே? பயறு, கடலை எங்கே? பழம் ஒன்று போதுமா? புலால் இல்லாத அத்தட்டிலே உண்மையான மரக்கறியும் இல்லை என்பது அப்பொழுதுதான் எனக்குப் புலப்பட்டது. மாவும் எண்ணெயும் சீனியும் செடிகளிலிருந்து வந்தவைதாம், அவ்வளவே.

2005–06ஆம் ஆண்டுகளிலே இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, வளர்ந்தோருள் ஐவரில் ஒருவர் நீரிழிவையோ அதன் முன்னிலையையோ உடையவர் எனக் கண்டது. தென்னாசிய மக்களின் உடல்வாகு இந்நோய்க்கு இடங்கொடுப்பது என்பதும் அறியப்பட்ட உண்மை. ஆதலால், மேலைநாட்டார் தம்முடைய மரக்கறி உணவாளரைப் பற்றிச் செய்த ஆய்வுகளை நாம் அப்படியே நமக்கு ஏற்றிக்கொள்ளுதல் தவறு. அவ்வாய்வுகள் சொல்வதையும் பார்ப்போம். அமெரிக்காவிலே ஏழாம்நாள் அட்வென்றிஸ்ற் சபையினருள் 73,000 பேருக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து அவதானித்து 2013ஆம் ஆண்டிலே வெளியிட்ட முடிவு, மரக்கறி உண்போரிடையே இறப்பு வீதம் ஏனையோரைவிட 12 வீதம் குறைவெனக் காட்டியது. அச்சபையார் பெரும்பாலும் புகைப்பதும் குடிப்பதும் இல்லாதவர். உணவிலே தானியமும் கொட்டை வகைகளும் பழமும் மிகுதி. பிரித்தானியாவிலே 48,000 பேருக்கு மேற்பட்டோரை 18 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2019ஆம் ஆண்டிலே வெளிவந்தது. மரக்கறி உண்போருக்கு மாரடைப்பு முதலிய இருதய நோய் 22 வீதம் குறைவு. பாரிசவாதமோ 20 வீதம் அதிகம். 1,000 பேரைப் பத்தாண்டு எடுத்துக்கொண்டால் இருதய நோயாளர் 10 பேர் குறைவர், பாரிசவாத நோயாளர் 3 பேர் கூடுவர். மரக்கறியைப் புகழ்வோர் பின்னைய எண்ணை மறைத்துவிடுதலும், இகழ்வோர் முன்னையதை மறைத்துவிடுதலும் வழக்கம். இரண்டையும் மாணவர் அறிதல் நன்று. பதப்படுத்திய இறைச்சியைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடம் குறைவு. சொசேச் போன்றவற்றை நாள்தோறும் 50 கிராம் உண்போர்க்குப் பெருங்குடற் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 வீதம் கூடுகின்றது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015ஆம் ஆண்டிலே அறிவித்தது. பிள்ளைகளின் உணவுப் பெட்டியிலே சொசேச் வைத்தனுப்பும் தாய்மார் இதனைக் கவனிப்பாராக.

மருத்துவர் எனக்குப் புதிய உணவு எதனையும் எழுதித் தரவில்லை. “உங்கள் அப்பாச்சி என்ன சாப்பிட்டா?” என்றுதான் கேட்டார். அப்பாச்சியின் தட்டு என் கண்முன்னே வந்தது. காலையிலே முல்லையிலையும் வேறு இலைகளும் சேர்த்த இலைக்கஞ்சி, அல்லது முதல்நாட் சோற்றிலே தண்ணீரூற்றி வெங்காயமும் பச்சைமிளகாயும் கடித்துக்கொள்ளும் பழஞ்சோறு. மதியத்திலே கைக்குத்துச் சிவப்பரிசிச் சோறு கொஞ்சம். முருங்கையிலை வறை, வாழைப்பொத்திச் சம்பல், பயற்றங்காய்க் கறி, வல்லாரை. இரவிலே குரக்கன் புட்டு, சில நாளிலே ஒடியற்பிட்டு. வடையும் பாயசமும் திவசத்துக்கும் திருவிழாவுக்கும். அக்காலத்தவர் தோட்டத்திலே குனிந்து நிமிர்ந்து உழைத்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நான் மேசைக்குப் பின்னால் இருந்து வடை தின்றவன்.

பழைய தட்டின் நுட்பம் சில இப்போது விளங்குகின்றன. அரிசிப் புரதத்திலே இலைசீன் என்னும் கூறு குறைவு. உழுந்திலும் பயற்றிலும் அது நிறைய உண்டு. அரிசியிலே உள்ள மெதியோனீன் பருப்பிலே குறைவு. இரண்டையும் சேர்த்து அரைத்தால் தோசை. சேர்த்துச் சமைத்தால் பயற்றம்பருப்புச் சோறு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. நூறு கிராம் குரக்கனிலே 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. அரிசியிலே பத்து மில்லிகிராம் அளவே. குரக்கன் நீர் கட்டாத மேட்டுநிலத்திலே விளைவது என்பதும் கவனிக்கத்தக்கது. நெல்வயலிலே தேங்கி நிற்கும் நீருக்கடியிலிருந்தும் மெதேன் எழுகின்றது. ஆகவே சோற்றுக் குவியலைப் பாதியாக்கினால் என் இரத்தத்துக்கும் நன்று, காற்றுக்கும் நன்று. இதனை நான் அறிந்தபோது, மாட்டை மாத்திரம் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த என் வகுப்புப் பாடம் நினைவுக்கு வந்தது.

பழந்தட்டிலும் குறையொன்று உண்டு. விற்றமின் பீ-12 எந்தச் செடியிலும் இல்லை. வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 2.4 மைக்குரோகிராமே தேவை. ஆனால் அது இல்லாவிடின் சோகை வரும், கைகால் விறைக்கும், நினைவு தடுமாறும். பாலும் தயிரும் உண்போர்க்கு ஓரளவு கிடைக்கும். பாலையும் விட்டவர் மாத்திரையாகவோ சேர்த்துப் பதப்படுத்திய உணவாகவோ அதனைப் பெற்றேயாதல் வேண்டும். நீரிழிவுக்கு மெற்போமின் மாத்திரை உட்கொள்வோரிடம் இவ்விற்றமின் மேலும் குறையும். சைவராயும் நீரிழிவாளராயும் உள்ளவர், என்போல்வார், மருத்துவரிடம் இதனைக் கேட்டுச் சோதித்துக்கொள்ளல் நன்று. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் மூத்தோர் சொல்லை மாத்திரம் நம்பி இருத்தலாகாது.

கீரை உண்க என்றாகிவிட்டது. அக்கீரை எங்கே விளைகின்றது? குடாநாட்டிலே மழைக்காலத்தில் மாத்திரம் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறில்லை. மழைநீர் செம்மண்ணின் ஊடாக இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலே தங்குகின்றது. அதையே கிணற்றிலிருந்து குடிக்கின்றோம். அதையே தோட்டத்துக்கு இறைக்கின்றோம். தோட்டத்திலே போட்ட யூரியாவிற் பயிர் எடுத்ததுபோக எஞ்சியது நைத்திரேற்றாகி அதே நீரிலே கலக்கின்றது. செறிவாகத் தோட்டஞ் செய்யும் பகுதிகளிலே பல கிணறுகளின் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியுள்ளதென ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. அந்நீரிலே பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கலாம். நைத்திரேற்று கொதிக்கவைத்தாலும் போகாது. மரக்கறித் தோட்டமே கிணற்றைக் கெடுக்கின்றது என்பது சைவன் வாயிலே கசக்கும் செய்தி. ஆயினும் சொல்லாமல் விடலாகாது.

தோட்டஞ்செய்யும் உறவினர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார். “2021 மே மாதம் ஒரே நாளிலே இரசாயனப் பசளையை நிறுத்தினார்கள். நவம்பரிலே திரும்ப விட்டார்கள். இடையிலே அழிந்த பயிருக்கு யார் பொறுப்பு? நீங்கள் சந்தையிலே புழு தின்னாத கத்தரிக்காய்தானே தேடி வாங்குகிறீர்கள்?” என்றார். அவர் கேட்டதில் நியாயமுண்டு. கோபம் ஆறியபின், தமது தந்தையார் பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்துத் தோட்டஞ்செய்ததைத் தாமே விரித்துரைத்தார். இன்று அதற்குக் கூலிக்கு ஆளில்லை என்பதையும் சொன்னார். பயறு, உழுந்து, கௌபி ஆகியவற்றின் வேர்முடிச்சுகளிலே வாழும் பற்றீரியங்கள் வளியிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பவை; அவற்றை ஒரு போகம் போட்டெடுத்த நிலத்திலே அடுத்த பயிருக்கு யூரியா குறைவாகப் போதும். வன்னியிலே உழுந்து நன்றாக விளைகின்றது. நாமோ நாள்தோறும் கப்பலிலே வரும் மைசூர்ப் பருப்பையே காய்ச்சுகின்றோம். கப்பற் பயணத்தால் விளையும் வாயு மிகச் சிறிது. அதைப் பற்றி வருந்த வேண்டியதில்லை. நமது நிலத்துக்கு வரவேண்டிய உரம் பிறநாட்டு நிலத்துக்குப் போகின்றதே என்பதுதான் என் குறை.

எங்கள் வீட்டிலே மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. குரக்கன் புட்டைக் கண்டு பிள்ளைகள் முகஞ்சுளித்தனர். கீரை ஆய்வதற்கும் வாழைப்பொத்தி அரிவதற்கும் நேரம் செல்லும். மச்சக்கறி ஒன்று வைத்தால் போதுமான இடத்திலே, மரக்கறி நாளிலே நாலு கறி வைக்க வேண்டியிருக்கின்றதே என்று அயல்வீட்டுப் பெண்கள் திருவிழாக் காலத்திலே முறையிடுவதுண்டு. சைவத்தின் பெருமையைப் பேசும் ஆண்களுட் பலர் அடுப்படிக்குள்ளே கால் வைப்பதில்லை. என் மனைவி ஒருநாள், “உங்களுக்குத்தானே வருத்தம், கீரையை நீங்களே ஆயுங்கோ” என்று சுளகை என் மடியிலே வைத்தாள். அன்று தொடக்கம் பத்திரிகை வாசித்துக்கொண்டே முருங்கையிலை உருவும் பயிற்சி எனக்குக் கைவந்துவிட்டது. எட்டு மாதத்திற்குப் பின் வெறுவயிற்றுச் சீனி 118 ஆயிற்று. மாத்திரையும் உட்கொள்கின்றேன், ஆதலால் முழுப்புகழையும் முருங்கைக்குக் கொடுக்க மருத்துவர் இணங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையாகிய இன்று இதனை வாசிக்கும் வேளையிலே உங்கள் வீட்டு அடுப்பிலும் ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டிருக்கும். மச்சமாயினும் மரக்கறியாயினும், பக்கத்திலே ஒரு கீரை வறையாவது இருக்குமாயின் இதனைக் கவனியுங்கள். செடிகளிலுள்ள இரும்புச்சத்தை நமது குடல் எளிதில் ஏற்காது. தேசிக்காய்ப் புளியிலுள்ள விற்றமின் சீ அதனை ஏற்கச் செய்யும். அது சூட்டிலே அழிவது. ஆகையால் வறையை இறக்கி, சூடு சற்று ஆறியபின்னரே தேசிக்காயைப் பிழிய வேண்டும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அதிலுள்ள துவர்ப்பு அவ்விரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணிநேரமாவது கழியட்டும்.